போக்கும் வரத்தும்: பாலாற்றங்கரையில் டிராஃபிக்கின் கதை

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு தோழி ஆம்பூருக்கு வந்திருந்தாள். என்னோடு எம்.ஏ. சமூகவியல் படித்தவள், இப்போது வேளச்சேரியில் இருக்கிறாள். அவள் வந்து இறங்கியது சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷூ கம்பெனிகள் விடுகிற நேரம். பஸ் நிலையத்திலிருந்து ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கம்பெனி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், பிரியாணிக் கடை வாசலில் அடைத்து நிறுத்திய பைக்குகள், சாப்பாட்டுப் பையோடு கூட்டம் கூட்டமாகக் குறுக்கே நடக்கும் பெண்கள். நூறடி நகரப் பத்து நிமிடம் ஆனது. "இத்தனூண்டு ஊர்ல இவ்ளோ டிராஃபிக்கா? யாருக்குமே டிராஃபிக் சென்ஸ் இல்லையே" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பிரிவில் இருபது வருடமாக வேலை செய்கிறவர், அவரும் அப்போதுதான் வந்திருந்தார். தோழி அவரிடமும் டிராஃபிக்கைப் பற்றி முறையிட்டாள். அக்காவுக்கு விஷயமே பிடிபடவில்லை. "டிராஃபிக்கா? எங்கம்மா? கம்பெனி உட்டாங்க. எல்லாம் நம்ம ஜனந்தான் வந்துக்கினு இருந்திருக்கும்" என்றார்.

ஒரே சாலை, ஒரே நேரம். ஒருத்தி கண்ணுக்கு நெரிசல், இன்னொருத்தி கண்ணுக்கு ஜனம். தோழி ஊருக்குப் போன பிறகும் இந்த இரண்டு வார்த்தைகள் என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெருநகரத்தார் டிராஃபிக்கைக் கடிகாரத்தால் அளக்கிறார்கள். வேளச்சேரியிலிருந்து கிண்டி எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது, நிமிடத்தில்தான் வரும். முன்னால் நிற்கும் காரில் இருப்பவர் யார், என்ன சாதி, எங்கே போகிறார் என்பதெல்லாம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. அவர் என் பத்து நிமிடத்தைத் தின்கிற ஒரு தடை, அவ்வளவுதான். ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் நூறு வருடத்துக்கு முன்பே இதைக் கவனித்தார். பஸ்ஸும் ரயிலும் டிராமும் வருவதற்கு முன்னால், ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை மனிதருக்கு வந்ததே இல்லை என்றார். அறியாதவரோடு ஒட்டி உட்காரப் பழகுவதுதான் நகரவாசியாவது.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் சாலை அப்படி இல்லை. வருவது யார் வீட்டு வண்டி, அந்த ஊர்வலம் எந்தத் தெருக் கல்யாணம், அந்தப் பறைச் சத்தம் யார் வீட்டுச் சாவு என்று எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் ஹாரன் அடித்தால் 'அவசரம்' என்று பொருள். இங்கே சில ஹாரன்களுக்கு 'நான் யார் தெரியுமா' என்று பொருள். ஆகவே நகரத்தார் "எவ்வளவு நேரம்?" என்று கேட்கும் இடத்தில் நாங்கள் "யார், யாருக்கு வழிவிட வேண்டும்?" என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். இதைப் பழக்கதோஷம் என்றோ, நாகரிகக் குறைவு என்றோ தள்ளிவிட முடியாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தமிழில் போக்குவரத்து என்கிறோம். போவதும் வருவதும். ஆனால் யார் போகலாம், எதன் மீது போகலாம், எந்தத் தெரு வழியாக வரக்கூடாது என்பதுதான் நெடுங்காலம் இந்த மண்ணின் சாலை விதி. என் தாத்தா டேனரியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கி இறங்கி அவர் கால் வெந்து வெடித்திருக்கும். பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். ஊர்த் தெரு வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தெரு முடிகிற வரை தள்ளிக்கொண்டே போவாராம். தோலைப் பதப்படுத்துகிறவர், அந்தத் தோலில் செய்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இதைச் சொல்லும்போது பாட்டிக்குக் கோபம் வரும். தாத்தாவுக்கு வராது, சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக்குவரத்து புதியதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலையில் திறக்கப்பட்டபோது ராயபுரத்திலிருந்து அது வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. பிறகு ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டு, 1864இல் பெங்களூரைத் தொட்டது. பதப்படுத்திய தோல் இந்தத் தடத்தில் சென்னைத் துறைமுகத்துக்குப் போனது. எதிர்த்திசையில் மனிதர்கள் போனார்கள். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனது இந்த ரயிலில்தான். பண்டிதர் அயோத்திதாசரின் 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்ததும், மாரிக்குப்பத்திலும் திருப்பத்தூரிலும் பௌத்த சங்கக் கிளைகள் எழுந்ததும் இந்தத் தடத்தின் மேல்தான். பண்ணையிலிருந்து வெளியேற எங்கள் மக்களுக்குக் கிடைத்த முதல் கதவு ரயில் பெட்டியின் கதவு.

ரயில் கம்பெனி சாதிக்கு ஒரு பெட்டி ஒதுக்கவில்லை, காசுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கியது. மூன்றாம் வகுப்பில் யார் தோள் யார் மீது இடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த நெரிசலைப் பற்றி அந்தக் காலத்து உயர்சாதியினர் எவ்வளவு புலம்பினார்கள் என்று படிக்கும்போது, எனக்கு இன்றைய 'டிராஃபிக் சென்ஸ்' புலம்பல் ஏனோ நினைவுக்கு வருகிறது. ஆனால் ரயிலைப் புகழ்ந்து தள்ளவும் முடியாது. வண்டிக்குள் முடியாததை ஸ்டேஷனில் செய்தார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற வழக்கம் 1941 வரை நீடித்தது. பெரியாரின் இயக்கம் போராடித்தான் அதை ஒழித்தது.

சாலையில் நிலைமை இன்னும் மோசம். 1924 மார்ச்சில் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது கோயிலுக்குள் நுழைய அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் அதைத்தான் கேட்டது: பொதுச் சாலை, தெரு, கிணறு, பொது இடம் எதையும் எந்தச் சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். அரசு அதை ஏற்று அறிவித்தது. நின்று யோசித்துப் பாருங்கள். வரிப்பணத்தில் போட்ட ரோட்டில் நடக்கலாம் என்று சொல்ல ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் அது நடக்கவில்லை என்பதால்தான் 1938இல் எம்.சி. ராஜா முயற்சியில் தனிச் சட்டமே வந்தது. அதுவும் போதாமல் 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

மோட்டார் பஸ் வந்தபோது ஏறவிட மாட்டோம் என்றார்கள் முதலாளிகள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டவரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். லைசென்ஸ் என்றதும் சாதித் தூய்மை கொஞ்சம் இறங்கி வந்தது. நம் ஊரில் தத்துவத்தைவிட லைசென்ஸுக்கு வலிமை அதிகம்.

இங்கே அண்ணல் அம்பேத்கருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1929இல் பம்பாய் அரசு அமைத்த குழு ஒன்றின் வேலையாகச் சாலிஸ்கான் போகிறார். ரயிலில் போய் இறங்குகிறார், அதுவரை சிக்கல் இல்லை. ஸ்டேஷனிலிருந்து மகார்வாடாவுக்கு டோங்கா வேண்டும். டோங்காக்காரர்கள் யாரும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். விருந்தாளியை நடக்க வைப்பது கௌரவக் குறைவு என்று நினைத்த நம் மக்கள், டோங்கா ஓட்டியே பழகாத ஒருவரை ஓட்ட வைக்கிறார்கள். ஆற்றின் மேல் இருந்த சிறு பாலத்தில் சக்கரம் சிக்கிக்கொள்கிறது. அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்படுகிறார், கால் எலும்பு முறிகிறது. குதிரையும் வண்டியும் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகின்றன. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவரைவிடத் தான் மேலானவன் என்று ஒரு டோங்காக்காரன் நினைக்க முடிகிற நாடு இது என்று அவர் பின்னால் எழுதினார். போலீஸ் பதிவேட்டில் இதை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? 'ஓட்டுநரின் கவனக்குறைவு.' ஒரு சாலை விபத்து, அவ்வளவே.

இந்தப் பாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 1997. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அன்றைய தி.மு.க. அரசு வைத்தது. கட்டபொம்மன் படையில் நின்று உயிர் விட்டவர் என்று ஊரெல்லாம் புகழப்படும் வீரர், ஆனால் தேவேந்திர குலத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. எங்கள் வேலூர்க் கோட்டத்தில் ஓடிய பஸ்ஸிலிருந்து பட்டுக்கோட்டை அழகிரியும் இறங்கினார். 1989இல் எங்கள் மாவட்டத்துக்கு வைக்கப்பட்ட 'வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்ற பெயரும் அந்தத் தொண்ணூறுகளிலேயே போய்விட்டது. என் அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் அண்ணல் இருக்கிறார், வாக்காளர் அட்டையில் இல்லை.

ஒரு பஸ்ஸின் நெற்றியில் எழுதிய பெயருக்காக ஊர் எரிந்ததை 'போக்குவரத்துப் பிரச்சினை' என்று எந்த நகரவாசியும் சொல்ல மாட்டார். எங்களுக்கு அதுதான் போக்குவரத்துப் பிரச்சினை.

எனக்கே ஒரு சின்ன அனுபவம் உண்டு. பள்ளிக்கூட நாட்களில் டவுன் பஸ்ஸில் வீடு திரும்பும்போது எங்கள் ஊருக்கு இரண்டு ஸ்டாப். முதலில் ஊர், அடுத்தது காலனி. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது சத்தமாகக் கேட்பார்: "ஊரா, காலனியா?" கட்டணம் ஒன்றுதான். ஆனாலும் கேட்பார். நானும் என் தோழிகள் இருவரும் "ஊர்" என்று சொல்லி, ஊர் ஸ்டாப்பில் இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடப்போம். சென்னைக்குப் படிக்கப் போன முதல் வருடம், சைதாப்பேட்டையில் மூச்சு முட்டுகிற பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனபோது எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நெரிசல் பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னிடம் எந்த ஸ்டாப் என்று அந்தக் குரலில் கேட்கவில்லை. இதைத் தோழியிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் சிம்மலைப் படித்தவர்கள்தான்.

அதற்காக நகரம் ஏதோ சமத்துவபுரம் என்று சொல்ல வரவில்லை. சென்னையின் கூவம் கரையிலிருந்தும் நடுநகரத்துக் குப்பங்களிலிருந்தும் பிடுங்கி, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டார்களே, அவர்களுக்கு டிராஃபிக் என்பது காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு சலித்துக்கொள்கிற விஷயமல்ல. வீட்டு வேலைக்கு மயிலாப்பூர் போக இரண்டு பஸ் மாற வேண்டும், ஒன்று தவறினால் வேலையே போய்விடும். நகரத்திலும் யாருடைய நேரம் நேரமாகக் கணக்கிடப்படுகிறது என்பது கேள்விதான். பாலம் கட்டும்போது காருக்குக் கட்டுவார்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு நிழல்கூட இருக்காது.

சரி, எங்கள் பக்கத்துச் சாலைக்கு வருவோம். 1970களில் பதப்படுத்தாத தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு தடை போட்ட பிறகு, ஆம்பூரில் தோல் மட்டுமல்ல, ஷூவும் செய்யத் தொடங்கினார்கள். டேனரியில் ஆண்கள் வேலை செய்தார்கள். ஷூ கம்பெனிகள் பெண்களைத் தேடின. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு சுற்றுவட்டத்துக் காலனிகளிலிருந்து பெண்கள் கிளம்பினார்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் காலனி முனைக்கே வந்து நின்றது. அதுவரை அந்த முனைக்கு எந்த வண்டியும் வந்ததில்லை. சாயங்காலம் சம்பளத்தோடு திரும்பும் பெண்கள் சாலையை நிறைத்துக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா 'நம்ம ஜனம்' என்று சொன்னது இதைத்தான். அந்த நெரிசலில் அவர் பார்ப்பது தடையை அல்ல. ஒதுங்கி நடந்தவர்கள் நடுரோட்டில் நடப்பதைப் பார்க்கிறார். கம்பெனிக்குள் சூப்பர்வைசர் சத்தமும் டார்கெட்டும் இருக்கின்றன, அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். சாலையில் அவர்கள் கூட்டம்.

அப்புறம் தங்க நாற்கரம் வந்தது. 1999இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எங்கள் பழைய என்.எச். 46 நாலுவழியானது, பிறகு கிருஷ்ணகிரியிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறுவழியானது. இப்போது எண் 48. சென்னைக்காரர் பெங்களூருக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்று கணக்கிட்டுப் போட்ட சாலை. எங்களை அவர்கள் கடக்கிறார்கள். நாங்கள் அந்தச் சாலையைக் கடக்கிறோம். கடப்பது என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு திசை. மாட்டை ஓட்டிக்கொண்டோ, தலையில் புல்கட்டோடோ, நடுத்தடுப்பில் ஏறி அந்தப் பக்கம் போகிறவர்கள் காருக்குள் இருப்பவர் கண்ணுக்கு 'டிராஃபிக் சென்ஸ் இல்லாதவர்கள்.' தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அவர்களது நிலமும் ரேஷன் கடையும் சுடுகாடும் இருக்கின்றன என்பது வேகத்தில் தெரியாது.

2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிப்பதாக முதல்வர் அறிவித்தார். மக்கள் மாவட்டத் தலைநகருக்கு எளிதாகப் போய்வர வேண்டும் என்பதுதான் சொன்ன காரணம், போக்குவரத்துதான். அதே வாரம், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், தலித் காலனியைச் சேர்ந்த ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனார். உடலைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். போகிற வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தில். அவர்கள் விடவில்லை. ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது, அது பொதுச் சாலை. உடலைப் பாலத்தின் மேல் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கயிறு கட்டி, சுமார் இருபதடி கீழே இறக்கினார்கள். பூமாலையோடு பாடை அந்தரத்தில் ஆடி ஆடி இறங்குகிற வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது முதல் முறை அல்ல என்று ஊர் மக்கள் சொன்னார்கள்.

பாலம் எதற்காக? ஆற்றைக் கடக்க. வாகனங்கள் தாமதமின்றிப் போக. பாலத்தைக் கட்டிய பொறியாளர் டிராஃபிக்கைக் கணக்கிட்டிருப்பார், இவ்வளவு பஸ், இவ்வளவு லாரி என்று. பாலத்துக்குக் கீழே நடந்து போகிறவர்களுக்கு ஒரு வழி வேண்டுமே என்பது அந்தக் கணக்கில் இல்லை. மேலே யாரும் யாருக்கும் வழிவிட வேண்டாம், எல்லா வண்டிக்கும் இடம் இருந்தது. கீழே ஒரு பிணத்துக்கு இடம் இல்லை. விபத்தில் சாவதற்கு அவருக்குச் சாலை திறந்திருந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாவட்ட நிர்வாகம் அவசர அவசரமாகத் தலித்துகளுக்கென்று அரை ஏக்கர் நிலத்தைச் சுடுகாட்டுக்கு ஒதுக்கியது. அப்போது நீதிபதிகள் கேட்ட கேள்வி முக்கியமானது: தனிச் சுடுகாடு கொடுப்பதன் மூலம் அரசே சாதிப் பிரிவினையை ஊக்குவிக்கிறதா? நிர்வாகத்தின் பார்வையில் சிக்கல் தீர்ந்தது. நெரிசல் என்றால் பைபாஸ் போடுவதுதானே வழக்கம். வழியைத் திறப்பதற்குப் பதிலாக வேறு வழி. 1924இல் சீனிவாசன் கேட்டது பைபாஸ் அல்ல. இருக்கிற தெருவைக் கேட்டார்.

தோழி ஊருக்குத் திரும்புகிற அன்று, அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்கு அந்த வீடியோ ஞாபகம் இருந்தது, இடம் தெரியாது. ஸ்கூட்டியைப் பாலத்தின் ஓரம் நிறுத்திக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். கீழே மணல், முள்செடி, வேலி. "எங்கிருந்து இறக்கினாங்க?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். மேலே சொல்வதற்குள் பின்னால் ஒரு டிப்பர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கினோம்.